வளர்ந்துவிட்ட மீன்

"எங்கடா என் மீனு?"

கப்பலிலிருந்து வந்த இன்ஜினியர், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மச்சானின் சட்டையைப் பிடித்தார். கருநீல உடம்பில் வெள்ளை வளையம் வளையமாகப் போட்ட குட்டி ஏஞ்சல் மீனைத்தான் அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது தொட்டியில் மஞ்சள் கோடு போட்ட ஒன்று மிதப்பாக நீந்திக்கொண்டிருந்தது.

கடலில் உள்ளதெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவருக்கு. "தண்ணியில உப்பு அளவு மாறக் கூடாது, கண்டதையும் தின்னப் போடக் கூடாது. மீனுக்கு ஒண்ணு ஆச்சு, உன் துணிமணி தெருவுலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார். வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த மச்சானுக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

"மாமா, அது வந்து..."

"வாயத் தொறக்காத! வித்துத் தின்னுட்டியா? இரு, இது என்ன கண்றாவின்னு பாத்துட்டு வந்து உன்ன வெச்சுக்கறேன்."

மீனைப் படம் எடுத்துப் போனில் தேடினார். படிக்கப் படிக்க முகத்திலிருந்த கோபம் வடிந்து, பெருமை ஏறியது.

"அடேய், ரெண்டும் ஒரே ஜாதி மீனுதான்! குட்டிக்கு ஒரு நிறம், வளந்தா வேற நிறம். தன்ன மாதிரியே இருந்தா பெருசு கடிச்சு வெரட்டிடுமாம், அதான் குட்டிக்கு இந்த வேஷம். எனக்கு அப்பவே தெரியும்!"

ஆசையாகத் தண்ணீரில் விரலை நீட்டினார். முன்பெல்லாம் ஓடி வந்து விரலை உரசும் மீன், இப்போது பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது.

"வளந்துட்டா வெக்கம் வராதா பின்ன?" என்று அதற்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

சட்டையைப் பிடித்த அதே கை மச்சானின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. "இத இவ்வளவு பெருசா வளக்கறது லேசுப்பட்ட காரியமா? உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேனே! இனிமே இது உன் வீடுடா."

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

மச்சான் சமையலறைக்குள் நுழைந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். பிறகு அக்காவின் காதில் கிசுகிசுத்தான்.

"அது செத்த அன்னிக்குக் கடையில நீலக் குட்டி கெடைக்காமப் போனது எவ்வளவு நல்லதாப் போச்சுக்கா!"