பழைய மனுஷன்

ஒரு காலத்தில் தவசிமுத்துவுக்குத் திறக்காத பூட்டு கிடையாது. இரட்சிக்கப்பட்ட பிறகு சொந்த வீட்டுக்குக்கூட அவர் பூட்டுப் போடுவதில்லை. ஞாயிறுதோறும் சபையில் எழுந்து, பழைய திருட்டுகளைச் சொல்லி அழுதுகொண்டே சாட்சி சொல்வார். சபையாரும் அலுக்காமல் அழுவார்கள்.

அன்றைக்கு ஒரு கல்யாணம். தண்ணீர் இறைக்கக் குனிந்த பாஸ்டரின் சட்டைப்பையிலிருந்து ஆலயத்துச் சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. பூட்டிய கதவுக்கு வெளியே, வெயிலில், மணப்பெண்ணின் பவுடர் கரைந்து வழிந்தது.

"உடைச்சிருவோமா?" என்றார் ஒருவர்.

"கல்யாணமும் அதுவுமா கோயில் பூட்ட உடைப்பாங்களா?" என்று பெண்ணின் அம்மா அழப்போனாள்.

எல்லோரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பழைய மனுஷனத்தான் களைஞ்சு போட்டாச்சே, பாஸ்டர்."

பாஸ்டர் அவர் காதருகே குனிந்தார். "ஒரே ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகட்டுமே, பிரதர்."

"இத்தன சனம் பாக்க எப்படி?"

பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சத்தமாக, "எல்லாரும் கண்ண மூடி ஜெபிப்போம்" என்றார்.

மூடினார்கள். பெண்கள் மட்டும் ஒரு கையால் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபத்தின் பாதியில் 'டிக்' என்றது. பாஸ்டர் குரலை உயர்த்தினார்.

ஆமென் சொல்லிப் பார்த்தால், கதவு விரியத் திறந்து கிடந்தது. தவசிமுத்து கூட்டத்தின் கடைசியில் கண்களை இறுக மூடி, கைகளை உயர்த்தி நின்றிருந்தார்.

"யாருங்க திறந்தது?" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா.

"தெரியலிங்க. நானும் ஜெபத்துலதான இருந்தேன்" என்றார் தவசிமுத்து.

"அல்லேலூயா!" என்றார் பாஸ்டர் அவசரமாக.

தவசிமுத்துவின் மனைவி ரெபேக்காள் தன் கொண்டையைத் தடவிப் பார்த்தாள். ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் வளைந்து.