பரணில் ஒரு எலி மருந்து டப்பா

“நச்சுத் தகவல் மையம், சொல்லுங்க சார்.”

“பரண்ல பழைய எலி மருந்து டப்பா கிடக்கும்மா. சாம்பல் மாதிரிப் பொடி. ஈரம் பட்டா என்ன ஆகும்?” என்றார் அழைத்த பெரியவர்.

“விஷவாயு கிளம்பும். பூண்டு நாத்தம் அடிக்கும். தண்ணி பட விடாதீங்க.”

“நாத்தம் வந்தா?”

“உடனே வெளியே ஓடிடுங்க.”

“கையில பட்டா?”

“முதல்ல பொடியத் துடைச்சுட்டு, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்க.”

அழைத்தவர் வைக்கும்வரை ஊழியர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது மையத்தின் விதி. பெரியவரோ கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், “சாப்பிட்டியாம்மா?” என்றார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“நம்ம வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த டப்பாவ நான் நகராட்சி ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன். மூணு வருஷமாச்சுப்பா.”

மறுமுனையில் ரிசீவரைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது.

“வெச்சுடாதீங்கப்பா. வேற சந்தேகம் ஏதாவது இருந்தா கேளுங்க.”