கலைவாணன் வரணும்

"பாதி கட்டினா போதும்மா. மீதியை பேங்க் தள்ளுபடி பண்ணுது. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கேஸ் இன்னிக்கே முடிஞ்சுது."

வக்கீல் வரலட்சுமி கனிவாகத்தான் சொன்னார். செங்கல்பட்டு கோர்ட்டின் சமரச மையத்தில் மத்தியஸ்தராக உட்கார்ந்த இந்த ஒரு வருஷத்தில், இவ்வளவு இறங்கி வந்த பேங்கை அவர் பார்த்ததில்லை.

எதிரில் இருந்த ஜெசிந்தா மாட்டேன் என்று தலையாட்டினாள். கல்பாக்கத்தில் கேன்டீன் சூப்பர்வைசர். கிரெடிட் கார்டில் அறுபதாயிரம் எடுத்து, மூன்று வருஷம் ஒரு பைசா கட்டாமல், அது ஒரு லட்சத்து இருபதாயிரமாகி வழக்கில் நிற்கிறது.

"தள்ளுபடி எல்லாம் வேணாம். வட்டியோட முழுசா கட்டறேன். சீட்டுப் பணம் எடுத்தாந்துட்டேன், பையிலயே கீது. ஆனா வசூலுக்கு எங்க வூட்டுக்கு வந்துகினு இருந்த ஆளு, கலைவாணன், இங்க வரணும். அந்த ஆளு கையிலதான் குடுப்பேன்."

பேங்க் அதிகாரி தாமோதரன் நெளிந்தார்.

"அவன் இப்ப எங்ககிட்ட இல்லம்மா. வேலையை விட்டு எடுத்துட்டோம்."

"தெரியும். எங்க இருந்தாலும் கூட்டினு வாங்க."

"அதெப்படிம்மா முடியும்?"

"முடியாதுன்னா கேஸ் நடக்கட்டும். எனக்கு இன்னா பயம்?"

வரலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. வசூல் ஆட்கள் தெருவில் நின்று கத்துவதும், மானம் போனவர்கள் இங்கே வந்து பழி தீர்க்கப் பார்ப்பதும் அவருக்குப் புதிதல்ல. போன மாதம்கூட ஒருத்தர், வசூல்காரன் காலில் விழுந்தால்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இத பாரும்மா, பணத்தை ஒருத்தன் மூஞ்சியில வீசறதுக்கு இது இடமில்ல. வீம்புக்காக யாராவது அறுபதாயிரத்தை விடுவாங்களா?"

"நான் விடுவேன்."

வரலட்சுமி எரிச்சலோடு தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"அப்படி என்ன பண்ணித் தொலைச்சான் அவன்? அடாவடியா?"

"அடாவடியா? அவன் ஒரு வாயில்லாப்பூச்சி மேடம்." தாமோதரன் ஃபைலைப் புரட்டினார். "பதினோரு தடவை இவங்க வீட்டுக்குப் போயிருக்கான். பதினோரு தடவையும் 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதியிருக்கான். வசூல் பண்ணத் தெரியாதவனை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதான் நிறுத்திட்டோம்."

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வூடு ஒரு நாளும் பூட்டல சார். ஈ.சி.ஆர்ல லாரி இடிச்சு எங்க வூட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தக் கார்டைத் தேய்ச்சேன். அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டு நான் வேலைக்குப் போவ முடியுமா? கதவு தொறந்தேதான் கெடந்துச்சு. மொத நாள் உள்ள வந்து பாத்த மனுஷன், 'அண்ணன் எழுந்து நடக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்'னுட்டு வெளிய நின்னு அப்படி எழுதினாரு. இப்ப எங்க வூட்டுக்காரர் நடக்கறாரு. வேலைக்கும் போறாரு."



ஜெசிந்தா பணக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"கலைவாணனைத் திரும்ப வேலைக்கு எடுங்க. அவர் கையாலயே ரசீது போடச் சொல்லுங்க. அந்த மனுஷனுக்கு வசூல் பண்ணத் தெரியாதுன்னு இனிமே ஒருத்தரும் சொல்லக் கூடாது!"