தொட்டிக்குப் பின்னால்

சர்வதேச உறவுகள் மேற்படிப்புக்குத் தர்ஷிகாவுக்கு டெல்லியிலும் சென்னையிலும் இடம் கிடைத்திருந்தது. அவள் விரும்பிய அகதிகள் சட்டப் பிரிவு டெல்லியில்தான் இருந்தது. ஆனால் சென்னையிலிருந்தால் அதிகாரி வந்து ஆட்களை எண்ணும் ஒவ்வொரு செக்கிங் நாளுக்கும், குடும்பம் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமுக்கு வந்துவிடலாம். வராதவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அண்ணன் ரமணனின் பெயர் அப்படித்தான் போனது. கேரளாவுக்குப் பெயின்ட் அடிக்கப் போனவன் திரும்பும் ரயிலைத் தவறவிட்டான். மூன்று வருடமாக, அதிகாரி வரும்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

“டெல்லி வேண்டாம் பிள்ளை. ஓராளை ஒளிச்சு வச்சிருக்கிறது காணாதே?” என்றாள் அம்மா.

செக்கிங் அன்று வரிசையில் யாரோ அவள் படிப்பைப் பற்றிச் சொல்ல, அதிகாரி நிமிர்ந்தார்.

“சர்வதேச உறவா? நீ எந்த நாட்டுக்காகம்மா பேசுவ?”

வரிசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

தர்ஷிகா வரிசையை விட்டு விலகித் தொட்டிக்குப் பின்னால் போனாள். ரமணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் புல் அடர்ந்திருந்தது. அவன் உட்காரும் இடத்தில் மட்டும் மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஒருவர் உட்காரும் அளவுக்குத்தான்.

அவள் பெயரை அழைத்தார்கள்.

“போடி, கூப்பிடுறாங்கள்.”

அவள் புல்லின்மேல் உட்கார்ந்தாள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள்.