வளையல் படாத எலுமிச்சை

"வளையலைக் கழட்டி வெச்சுட்டுத்தான் பழத்தத் தொடோணும். நகத்தையும் வெட்டிக்கோங்க."

ரஞ்சிதா சொல்லி முடிப்பதற்குள் எருமப்பட்டி எலுமிச்சைக் கொட்டகையே நிமிர்ந்தது. பன்னிரண்டு பெண்கள். கை நிறையக் கண்ணாடி வளையல்.

"ஏனுங்க அம்மிணி?" சின்னாயி கூடையைக் கீழே வைத்தாள். "புருசன் குத்துக்கல்லாட்ட ஊட்டுல உக்காந்திருக்க, நாங்க எதுக்கு மொட்டக் கையோட நிக்கோணும்?"

"தனக்கில்லாதது அடுத்தவளுக்கு எதுக்குன்னுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

புருஷன் செத்துப்போன இந்த மூன்று வருஷத்தில் ரஞ்சிதா கேட்காத பேச்சில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

"போன லோடுல பாதிப் பழம் பூசணம் பூத்துத் திரும்பி வந்துச்சு. வளையலும் நகமும் கீறுன எடத்துலதான் புடிக்குது. ஆப்பசோடா வெந்நீர்ல முக்குனாலும் ஆழமான கீறலுக்கு அது பத்தாது."

"அப்ப முந்தியாட்ட பூசண மருந்துலயே முக்குங்க. ஊரே முக்குது!"

"முக்குனது யாரு கைங்க அக்கா? தோலுரிஞ்சு, சோத்தப் பெசையக்கூட முடியாம ஒரு மாசம் கரண்டியில தின்னீங்களே, மறந்துருச்சா?"

சின்னாயி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இந்த லோடும் அழுகினா, மருந்து போட்ட பழந்தான் எடுப்பேன்னு சேலத்து வியாபாரி முடிவாச் சொல்லிட்டாரு. கொட்டாயப் பூட்டினாலும் பூட்டுவேன், அந்த மருந்து டப்பாவை மறுக்காத் தொறக்க மாட்டேன். இஷ்டமிருந்தா இருங்க."

சின்னாயி முந்தானையை உதறி எழுந்தாள். "வாங்கடி."

பன்னிரண்டு பேரும் வெளியேறினார்கள்.

நாலு மணிக்கு லாரி வந்துவிடும். தரையில் அறுபது கூடை. போனால் போகட்டும் என்று ரஞ்சிதா ஒருத்தியாக உட்கார்ந்தாள். கீறல்பட்டதை ஒதுக்கி, நல்லதைப் பொறுக்கி வெந்நீரில் இறக்கினாள். மூன்றாவது கூடையிலேயே இடுப்பு விட்டுப்போனது. எழவில்லை.

அரைமணி கழித்து வாசலில் சலசலப்பு. பன்னிரண்டு பேரும் திரும்பி வந்திருந்தார்கள். சோப்புப் போட்டுக் கழற்றியதில் கையெல்லாம் சிவந்து கிடந்தது. ஒரு கையிலும் வளையல் இல்லை. நகமும் ஒட்ட வெட்டியிருந்தது.

"ஒடையாமக் கழட்டோணுமில்லீங்க, அதான் நேரமாயிருச்சு" என்ற சின்னாயி, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சைப் பசேலென்று.

"இதென்னங்க அக்கா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கடைவீதி வரைக்கும் போயி எல்லாருஞ் சேந்து வாங்குனோம்."

"அக்கா... ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுமே. பொழுது சாய வேலை முடிஞ்சு நாங்க வளையல் போடறப்ப நீங்களும் போட்டுக்கோணும். சரின்னு சொல்லுங்க, அப்பத்தான் நாங்க பழத்துல கை வெப்போம்."