ரவுட்டரில் கை வைத்தவன்

"எவன்டா ரவுட்டர்ல கை வச்சது? டிவியில செய்தியே வரலை!"

மாமனார் போட்ட சத்தத்தில், இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

கேட்கவே வேண்டாம். ரவுட்டருக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டு நின்றான் கொழுந்தன். வீட்டில் அவனுக்கு 'நோண்டி' என்று பெயர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்து, நாலு திருகாணியை மிச்சம் வைத்து மாட்டியவன்.

"காலைல புது ஃபர்ம்வேர் போட்டேன் அண்ணி. கம்பெனி குடுத்த மென்பொருளை எடுத்துட்டு, வெளியில சில பேர் எழுதி இலவசமா குடுக்கிறதை ஏத்தினேன். ஏறிடுச்சு. ஆனா வைஃபை பேரே போன்ல வர மாட்டேங்குது."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மத்தியானம் வீடியோவில் நேர்காணல். குழந்தைக்காக விட்ட வேலை. பல வருடம் கழித்து இப்போதுதான் கடைசிச் சுற்று வரை வந்திருக்கிறாள். போன மாதம் வேறொரு கம்பெனியோடு பேசும்போது பாதியில் படம் உறைந்துவிட்டது. திரும்ப வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இன்னிக்குன்னு பார்த்தா தம்பி?"

"நல்லதுக்குத்தான் அண்ணி..."

"எது நல்லது? உன் துப்பாக்கி விளையாட்டு வேகமா ஓடணும், அதானே?" என்று பாய்ந்தார் மாமனார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!"

"அதுக்கில்லப்பா..." என்று இழுத்தான் நோண்டி.

வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒற்றைக் கோட்டைத் தாண்டாது. வாசலில் நின்று கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"வேற நாள் கேட்டுப் பாரேன்" என்றான்.

"வேற நாள்னா அவங்களுக்கு வேற ஆள்தான். நானே பார்த்துக்கிறேன்."

கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ரவுட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, இனிமே நான் சொல்றதை மட்டும் செய். ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது. முதல்ல உன் கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இதுல மாட்டு."

மாட்டினான். நெட் வந்தது.

"அப்ப பெட்டி உயிரோடதான் இருக்கு. வைஃபை மட்டும்தான் மக்கர்."

"இதுலயே உட்கார்ந்து பேசிடுங்களேன் அண்ணி?"

"கேமரா எங்க இதுல?"

"அது... பிரிச்சு வச்சிருக்கேன்."

அவளுடைய மடிக்கணினியிலோ ஒயர் மாட்டுகிற ஓட்டையே கிடையாது.

அணைத்துப் போட்டார்கள். வரவில்லை. ஊசியால் பின்பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் அழித்து, பழைய பேர், பாஸ்வேர்டையே மறுபடி போட்டார்கள். ரவுட்டரில் வைஃபை விளக்கு என்னவோ ஜம்மென்று எரிந்தது. போனில்தான் பேர் வரவில்லை.

"பழையதையே திருப்பி ஏத்திடலாமா?"

"ஏறும்போது நடுவுல நின்னா பெட்டியே செத்துடும் அண்ணி."

"அப்ப வேணாம். வேற வழி பார்ப்போம்."

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார் மாமனார், தன் போனைத் தூக்கிக் காட்டியபடி. "எனக்குத்தான் வைஃபை பேர் வருதே!"

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, இது நாத்தனார் வெளிநாட்டுல வாங்கி அனுப்பின போன்தானே?"

"ஆமாம்மா. அதுக்கென்ன?"

அவள் சட்டென்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். 'நாடு' என்ற இடம் காலியாக இருந்தது. சேனல், அதாவது அலைவரிசை எண், என்ற இடத்தில் பதினான்கு.

"பிடிச்சுட்டேன்! நாடு எதுன்னு தெரியாம இது பதினாலாவது சேனல்ல போய் உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கு. நம்ம ஊர் போனுக்கெல்லாம் பதிமூணு வரைக்கும்தான் காது கேட்கும். மாமாவோட வெளிநாட்டுப் போனுக்கு மட்டும் அதுக்கு மேலயும் கேட்குது."

நாட்டைத் தேர்ந்தெடுத்தாள். சேனலை ஆறுக்கு மாற்றினாள். சேமித்தாள்.

வீட்டில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. அதற்குள் நோண்டி மறுபடி ரவுட்டர் பக்கம் நகர்ந்தான்.

"ஒரே ஒரு அமைப்பு மட்டும் பாக்கி அண்ணி. இப்ப முடிச்சுடுவேன்."

"நான் பேசிட்டு வர்ற வரைக்கும்கூட அந்த விளையாட்டு பொறுக்காதா தம்பி? மறுபடி ஏதாவது ஆச்சு, அண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டு என் முன்னால வராதே!"

சண்டை போட நேரமில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"இத்தனை வருஷம் வீட்டுல இருந்திருக்கீங்க. வேலையில திடீர்னு ஒரு சிக்கல் வந்தா தாக்குப் பிடிப்பீங்களா?" என்று கேட்டார் மேலாளர் அம்மாள்.

அவள் சிரித்துவிட்டாள். "இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லட்டுமா மேடம்?"

சொன்னாள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். அப்புறம் சம்பளம், வேலை நேரம் என்று பேச்சு மளமளவென்று நகர்ந்தது. "அடுத்த வாரம் வந்து சேர்ந்துடுங்க" என்றார் கடைசியில்.

நன்றி சொல்லிவிட்டு, சந்தோஷத்தை முதலில் மாமாவிடம் சொல்லலாம் என்று எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கூடத்தில் மாமனார் குரலை அடக்கிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்தைடா போட்டே? டிவியில செய்தி அரை மணி நேரமா சுத்திக்கிட்டே நிக்குது. உன் விளையாட்டாவது ஓடுதா? அதுவும் இல்ல! இதுக்கா அந்தப் பொண்ணை அந்தப் பாடு படுத்தினே?"

"மெதுவாப்பா, உள்ள கேட்கும்" என்றான் நோண்டி. "அண்ணி பேசி முடிக்கிற வரைக்கும் மொத்த நெட்டும் அவங்களுக்குத்தான் போகணும், இந்த வீட்டுல வேற எதுவும் ஓடக் கூடாது. பழைய மென்பொருள்ல அதுக்கு வழி இல்ல. அதுக்காகத்தான்ப்பா புதுசையே போட்டேன்."