கையில் ஒரு தேள்

கலைவாணனைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடிக்காத பெண்கள் மாமல்லபுரத்தில் குறைவு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை டாட்டூ. வலது முழங்கைக்குக் கீழே, கொடுக்கைத் தூக்கிய ஒரு கருந்தேள். ஆனால் ஆசாமி, மணலில் நண்டு ஓடினாலே நாலடி தள்ளி நிற்பான். பாவம், முகராசி அப்படி.

அன்று காலையிலிருந்து ஜெபக்குமார் அவனைக் கடற்கரையில் நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். இந்த ஆல்பத்தைக் காட்டினால்தான் சென்னை விளம்பரக் கம்பெனியில் மாடலாகச் சேர முடியும். உதவிக்கு வந்த விஷால் டீ வாங்கப் போயிருந்தான்.

பதினொன்றேகாலுக்குப் போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் உலகநாதன் இறங்கினார். பின்னாலேயே அழுது வீங்கிய முகத்தோடு ஜோதிலட்சுமி. ஐந்து ரதம் போகும் தெருவில், ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து அவள் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

"மூஞ்சி தெர்ல சார். கையத்தான் பாத்தேன். இதே தேளு சார்."

உலகநாதன் கலைவாணனின் பிடரியைப் பிடித்தார். அவன் கைகூப்பினான்.

"என்னைப் பாத்தா யாருக்கும் அப்டித்தான் தோணும் சார். காலைலேர்ந்து இங்கதான் நின்னுகினு கீறேன். கேஸுன்னு ஒண்ணு வந்தா கம்பெனில சேக்கமாட்டாங்க சார்."

ஜெபக்குமார் கேமராவை நீட்டினான். சங்கிலி போனது பத்து நாற்பதுக்கு. பத்தரையிலிருந்து பதினொன்று வரை எழுபது படங்கள். எல்லாவற்றிலும் தேளும் கையுமாகக் கலைவாணன், ஒவ்வொன்றின் அடியிலும் மணி. உலகநாதன் லேசுப்பட்டவரா? தன் கைக்கடிகாரத்தை ஒரு படம் எடுக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தார். நிமிடம் பிசகவில்லை. இருவரையும் சோதித்தார், பையையும் கொட்டிப் பார்த்தார். லென்ஸ்தான் இருந்தது.

அதற்குள் விஷால் பிளாஸ்க்கோடு வந்துவிட்டான். நெற்றியில் விபூதி, மூக்குக்கண்ணாடி, அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. பேங்க் கிளார்க் என்றால் நம்பிவிடலாம். ஜோதிலட்சுமியை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னான். நல்ல புள்ளைப்பா நீ என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் ஊற்றிக் கொடுத்த டீயை உலகநாதனும் குடித்தார்.

"எல்லாக் கடைலயும் ஒரே புக்கைக் காட்டி ஒரே தேளைக் குத்தி வுட்றானுங்க. மனசுல வெச்சுக்காதப்பா. ஆளைப் பாத்து முடிவு பண்ணிட்டேன்."

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. மூவரையும் ஜீப்பிலேயே அவர்கள் தங்கியிருந்த கேளம்பாக்கம் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

அறைக்கதவைச் சாத்தியதும் ஜெபக்குமார் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

விஷால் முழுக்கைச் சட்டையை மடித்து, கலைவாணன் கையிலிருந்து அச்சு எடுத்துத் தன் கையில் ஒட்டியிருந்த கருந்தேள் ஸ்டிக்கரைத் தேய்த்து அழித்துவிட்டு, பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயைக் கவிழ்த்துச் சங்கிலியை வெளியே எடுத்தான்.